கியர் பெட்டியைச் சிறிதாக்கும் கணக்கு: விகிதப் பங்கீட்டிலிருந்து பல் எண்ணிக்கை வரை

கணினியின் துணையோடு கியர் பெட்டியைச் சிறிதாக்க முனைபவர், எதைச் சிறிதாக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மைய தூரத்தை (இணையும் இரு கியர்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை) மட்டும் குறைக்கச் சொன்னால், கணினி பற்களின் அகலத்தைக் கூட்டிவிடும்; அகலமான பல்லில் சுமை ஓர் ஓரமாகக் குவியும். ஆகவே பெட்டியின் உட்கொள்ளளவையே குறிக்கோளாக வைத்து, அகலத்தை மாட்யூலின் (கியரின் விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் பல் அளவின்) 8 முதல் 12 மடங்குக்குள் கட்டுப்படுத்துவது நல்லது.

இடம் பெரிதும் மிச்சமாவது விகிதப் பங்கீட்டில்தான். 20:1 வேகக் குறைப்பை ஒரே கட்டத்தில் செய்தால், 18 பல் பினியனுக்கு (இணையில் உள்ள சிறிய கியருக்கு) 360 பல் சக்கரம் தேவை. மாட்யூல் 2 மி.மீ. என்றாலும் அதன் விட்டம் 720 மி.மீ. ஆகும். இதை இரு கட்டங்களாக்கி, முதலில் 5, பிறகு 4 எனப் பிரித்தால், முதல் கட்டத்தின் 90 பல் சக்கரம் 180 மி.மீ.; கூடுதல் முறுக்குவிசையைத் தாங்க இரண்டாம் கட்டத்துக்கு மாட்யூல் 3 கொடுத்தால், அங்குள்ள 72 பல் சக்கரம் 216 மி.மீ. வரும். வரிசையைத் திருப்பி 4, 5 என வைத்தால், இரண்டாம் கட்டத்துக்கு வரும் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைவதை நம்பி மாட்யூலை 2.75 ஆக்கினாலும், பெரிய சக்கரம் 247.5 மி.மீ. ஆகிவிடுகிறது. சுமை குறைவாக உள்ள முதல் கட்டத்துக்கே பெரிய விகிதத்தைக் கொடுக்க வேண்டும்.

பல் எண்ணிக்கை முழு எண்; மாட்யூலோ 2, 2.25, 2.5, 2.75, 3 என்று தாவுகிறது. எனவே சரிவைப் பின்பற்றி, அதாவது மதிப்பு குறையும் திசையில் சிறிது சிறிதாக நகர்ந்து, தேடும் முறைகள் இங்கு அவ்வளவாக உதவா. சில லட்சம் சேர்க்கைகளே இருப்பதால், அனைத்தையும் ஒன்றுவிடாமல் சோதித்துவிடலாம். மரபியல் நிரலுக்கு (நல்ல சேர்க்கைகளைக் கலந்து மேம்படுத்திக்கொண்டே போகும் தேடல் முறைக்கு) இங்கு வேலையில்லை என்பது என் எண்ணம். வளைவுத் தகைவு (பல் வளைவதால் எழுவது), தொடுகைத் தகைவு (பற்பரப்புகள் ஒன்றையொன்று அழுத்துவதால் எழுவது), 1.2-க்குக் குறையாத தொடுகை விகிதம் (ஒரே நேரத்தில் தொட்டிருக்கும் பல் இணைகளின் சராசரி) ஆகியவற்றில் தேறாத சேர்க்கைகளை நீக்குங்கள். அழுத்தக் கோணம் (பற்கள் ஒன்றையொன்று தள்ளும் திசையின் சாய்வு) 20 பாகையாக இருந்து பல்வடிவம் திருத்தப்படாதபோது, 17-க்குக் குறைந்த பற்களையும் தவிருங்கள்.

பலர் மறக்கும் நிபந்தனை ஒன்றுண்டு: இரு கட்டங்களையும் இணைக்கும் இடைத்தண்டில் உள்ள பெரிய சக்கரம் வெளியீட்டுத் தண்டை இடிக்கக் கூடாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரண்டாம் கட்ட மைய தூரம் 135 மி.மீ.; 90 பல் சக்கரத்தின் வெளி ஆரம் 92 மி.மீ. ஆகவே, வெளியீட்டுத் தண்டின் ஆரத்துக்கும் இடைவெளிக்கும் சேர்த்து மிஞ்சுவது 43 மி.மீ. மட்டுமே.

தேறியவற்றில் மிகச் சிறியதையே எடுத்துவிடாமல், முதல் பத்தையும் பாருங்கள். விகிதத்தில் சற்று விலகல் அனுமதிக்கப்பட்டால், 18:90 என்பதைவிடப் பொது வகுஎண் இல்லாத 18:91 மேலானது; 2 மி.மீ. விட்டம் கூடினாலும், பினியனின் ஒவ்வொரு பல்லும் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திப்பதால் தேய்மானம் பரவலாகிறது.