நெல் தராசில் ஒரு சுப்பர் கார்: நான்கு சில்லுகளின் நிறையைச் சமன்செய்யும் முறை

இங்கிலாந்தின் சமர்செற்றில், குரூக்கேர்ன் என்ற சிறு பட்டணத்தில் இயங்கும் ஏரியல் நிறுவனம் ஆண்டொன்றுக்கு நூறு வரையான கார்களையே கட்டுகிறது. கதவும் கூரையும் இல்லாமல் உருக்குக் குழாய்ச் சட்டகமே உடலாக நிற்கும் அதன் அட்டொம், பந்தயத் திடலுக்கு மட்டும் உரியதன்று. இலக்கத் தகட்டுடன் வீதியில் ஓடுவது. 2018இல் அறிமுகமான நான்காவது வடிவத்தின் நிறை 595 கிலோ, வலு 320 குதிரைவலு. அதில் 75 கிலோ ஓட்டுநர் ஏறினால் மொத்த நிறையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு அவரே ஆகிவிடுவதால், ஒவ்வொரு சில்லும் சுமக்கும் நிறையை அவரையும் சேர்த்தே சமன்செய்ய வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ குழாய்ச் சட்டகத்தில் இலேசான வண்டி கட்டிப் பார்க்கும் கராஜ்காரரும், அறிவியல்நகரில் வாகனத் தொழினுட்பம் பயிலும் மாணவரும் இவ்வேலையை நெல் நிறுக்கும் இலத்திரனியல் தராசுகள் நான்கைக் கொண்டே செய்துவிடலாம்.

முதலில் தளத்தைக் கவனிக்க வேண்டும். நெல் காயவிடும் சீமெந்துத் தளம் மட்டமாகத் தோன்றினாலும், மழைநீர் வடிவதற்காகச் சரித்தே போடப்பட்டிருக்கும். ஆகவே மேசன்மார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயால் நான்கு தராசுத் தட்டுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரயர்களின் காற்றைச் சரிபார்த்து, எரிபொருளை அரைத்தாங்கி அளவில் வைத்து, ஆசனத்தில் ஓட்டுநரின் நிறைக்கு மணல்மூட்டை ஏற்றி, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இடவலச் சில்லுகளை இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பியின் ஒருபக்க இணைப்பைக் கழற்றிய பின், வண்டியைத் தராசுகளில் ஏற்றிக் கைப்பிரேக் போடாமல் சிலமுறை அமுக்கி விடுங்கள்.

எடுத்துக்காட்டாக, முன்சில்லுகளில் இடப்பக்கம் 130, வலப்பக்கம் 135, பின்சில்லுகளில் இடப்பக்கம் 212, வலப்பக்கம் 203 கிலோ வந்ததாகக் கொள்வோம். மொத்தம் 680. வலது முன்சில்லும் இடது பின்சில்லும் சேர்ந்து 347, அதாவது 51 சதவீதம். நமக்கு வேண்டியது 50. இந்த மூலைவிட்டம் கனத்திருந்தால் இடப்பக்க வளைவில் முன்பக்கம் திரும்பத் தயங்கும். மாங்குளத்தருகே மாடு குறுக்கிட்டுச் சடுதியாகப் பிரேக் பிடித்தால் நிறை குறைந்த இடது முன்சில்லே முதலில் இறுகும்.

பலர் இடறுவது அடுத்த படியில்தான். ஸ்பிரிங்கைத் தாங்கி, திருகினால் ஏறி இறங்கும் புரிவளையத்தை எவ்வளவு திருகினாலும் முன்பின் பங்கோ இடவலப் பங்கோ மாறாது. அவற்றை மாற்ற பற்றரி போன்ற பாரங்களை இடம்பெயர்க்கத்தான் வேண்டும். திருகலால் மாறுவது மூலைவிட்டப் பங்கு மட்டுமே. ஆகவே வலது முன், இடது பின் வளையங்களை அரைச்சுற்று இறக்கி, மற்ற இரண்டையும் அதே அளவு ஏற்றினால் வண்டியின் உயரம் பெரிதும் மாறாது. மீண்டும் அமுக்கி, மீண்டும் நிறை பார்த்து, அந்த மூலைவிட்டம் மொத்தத்தில் பாதியான 340ஐ நெருங்கும்வரை தொடருங்கள். இங்கு ஓடும் சிறு யப்பானியக் கார்கள் பெரும்பாலானவற்றில் இத்தகைய புரிவளையம் இல்லாததால், அவற்றின் நிறையைப் பார்க்கலாமே தவிரத் திருத்த முடியாது.

இறுதியில் சாய்வுத் தடுப்புக் கம்பியை மூட்டும்போது, ஆணி வலிந்து தள்ளாமலே துளையில் நுழையும்படி இணைப்பின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். நெம்பி மூட்டினால் அந்த முறுக்கே நீக்கிய வேறுபாட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.