ஹங்கேரியச் சபையில் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதவித்தொகையில் படிக்கவோ ஊழியத்துக்காகவோ ஹங்கேரிக்குப் போகிற தமிழ்க் கிறிஸ்தவரிடம் அங்குள்ள சபை எளிதாகக் கேட்கக்கூடிய உதவி ஒன்று உண்டு: வாரம் ஒருமுறை அடிப்படை ஆங்கிலம் சொல்லித் தர முடியுமா? நமக்கு இதில் சில வசதிகள் இருக்கின்றன. ஹங்கேரிய மொழி தமிழைப் போலவே சொல்லின் பின்னால் உருபுகளை ஒட்டிக்கொண்டு போவது. வினைச்சொல் இல்லாமல் ‘தேவன் நல்லவர்’ என்று நாம் முடிப்பதுபோல அவர்களும் முடிப்பார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் ‘காட் குட்’ என்று நின்றுவிடுகிறார்கள். தன்மையிலும் முன்னிலையிலும் அவர்கள் மொழியில் அந்த வினை உண்டு, ஆகவே ‘ஐ ஆம்’ தவறாது. விழுவது படர்க்கையில் வரும் ‘இஸ்’, ‘ஆர்’ மட்டும்தான். பயிற்சியையும் அங்கேயே வையுங்கள்.

சபைகளைக் குழப்பிக்கொள்வது முதல் வகுப்பிலேயே நடக்கிற தவறு. ஹங்கேரியில் பெரிய சபை ரோமன் கத்தோலிக்கம். அடுத்தது கால்வின் வழிவந்த ‘ரெஃபோர்மாதுஷ்’ சபை. அதன் கோட்டையான டெப்ரெட்சன் நகரத்துக்குக் ‘கால்வினிய ரோம்’ என்றே பெயர். ‘எவாங்கேலிகுஷ்’ என்று ஒருவர் சொன்னால், நாம் நினைக்கிற சுவிசேஷ சபைக்காரர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் லூத்தரன். வாழ்த்தும் மாறும். ரெஃபோர்மாதுஷ் சபையார் ‘ஆல்தாஷ், பேகெஷ்ஷேக்’, அதாவது ஆசீர்வாதமும் சமாதானமும் என்பார்கள். கத்தோலிக்கரின் வாழ்த்து இயேசு கிறிஸ்துவுக்குத் துதி என்று தொடங்கும். எந்தச் சபையில் வகுப்பு நடக்கிறதோ அந்த வாழ்த்தையே கற்றுக்கொண்டு போங்கள்.

கர்த்தருடைய ஜெபத்தை ஆங்கிலத்தில் சொல்லித் தர ஆசை வரும். நல்ல பாடம்தான், ஆனால் பழைய வடிவத்தில் தொடங்கினால் ‘தை’, ‘ஆர்ட்’, ‘ஹாலோவ்ட்’ என்று கடையிலும் பேருந்திலும் உதவாத சொற்களில் முதல் மாதம் கரைந்துவிடும். இன்றைய ஆங்கில வடிவத்தைக் கொடுங்கள். ‘டெட்ஸ்’, ‘ட்ரெஸ்பாசஸ்’, ‘சின்ஸ்’ என்ற மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்து, எல்லாத் தாளிலும் அதையே அச்சிடுங்கள். கத்தோலிக்கர் ‘தீமையினின்று எங்களை இரட்சித்தருளும்’ என்பதோடு நிறுத்துவார்கள். சீர்திருத்த சபையார் ‘ராஜ்யமும் வல்லமையும்’ வரை போவார்கள். இரு சாராரும் கலந்த வகுப்பில் இந்த இடத்தை முன்கூட்டியே யோசிக்காவிட்டால், பாதிப்பேர் நிறுத்த, பாதிப்பேர் தொடரும் சங்கடம் வரும்.

உச்சரிப்பில் நம் தவறும் அவர்கள் தவறும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிற இடங்கள்தான் மோசமானவை. கானா ஊர்க் கலியாணத்தில் வருவது திராட்சரசம். யோவான் 15:1இல் வருவது திராட்சச்செடி. இரண்டின் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் ‘வைன்’தான். ஹங்கேரியருக்கும் ஒரே வகரம். ஆகவே ஆசிரியர் வேறுபாடில்லாமல் சொன்னால் மாணவர் திருத்தவே மாட்டார். ரசத்துக்கு ‘ஊ’ சொல்வதுபோல உதட்டைக் குவித்துத் தொடங்குங்கள், பல் உதட்டில் படக்கூடாது. செடிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் கோப்பை படத்தையோ கொடி படத்தையோ தொடட்டும். பத்தில் எட்டு சரியாகும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

இதைவிட நுட்பமானது ‘ஃபெய்த்’. நாம் இதன் கடைசி ஒலியை நம் ‘த்’ ஆகவே சொல்லிப் பழகியவர்கள். ஹங்கேரிய ‘த்’ ஒலியும் நம்முடையதைப்போல நாக்கு பல்லைத் தொட்டு எழுவது. நீங்கள் ‘ஃபெய்த்’ என்றால் அவர் காதில் தன் சொந்த ‘த்’ விழுகிறது, விசுவாசம் ‘ஃபேட்’ ஆகி விதியாகிவிடுகிறது. தானாக முயன்றால் ‘ஃபேஸ்’ என்று முகமாக்குவார். நாக்கின் நுனி இரு பல்வரிசைகளுக்கும் நடுவே இருக்க, காற்று நிற்காமல் 2 விநாடியாவது ஓட வேண்டும். நீட்ட முடியவில்லையென்றால் அது தவறான ஒலி. வகுப்புக்கு முன் உங்கள் குரலைப் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

எழுத்தைப் பார்த்துப் படிக்கும்போது வேறொரு சிக்கல். ஹங்கேரிய எழுத்தில் ‘எஸ்’ தனியாக வந்தால் ‘ஷ’, ‘ஜே’ வந்தால் ‘ய’. தொடக்கநிலையினர் ‘சிங்’ என்பதை ‘ஷிங்’ என்றும் ‘ஜாய்’ என்பதை ‘யோய்’ என்றும் படிப்பது இதனால்தான். அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும் மொழி என்பதால் ‘பிலீவ்’, ‘ஃபர்கிவ்’ போன்றவையும் முன்னால் கனத்துவிடும். பாடும்போது மெட்டு அதைச் சரிசெய்துவிடும், ஜெபிக்கும்போது பழையபடி திரும்பும். ஆகவே பாட்டின் வரிகளை முதலில் கைதட்டிப் படிக்கவைத்துவிட்டுப் பிறகு பாடுங்கள்.

இலக்கணத்தில் நமக்குச் சற்றும் எதிர்பாராதது ‘ஹீ’, ‘ஷீ’ குழப்பம். அவன், அவள் இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான், வினையிலும் பால் தெரியாது. நோயுற்ற சகோதரிக்காக ‘ஹீ’ என்று ஜெபிப்பது கவனக்குறைவு அல்ல. யோவான் 11ஆம் அதிகாரம் இதற்கு நன்றாகப் பொருந்தும்: மார்த்தாள், மரியாள், லாசரு. பெயர்களை எடுத்துவிட்டு ‘ஹீ’, ‘ஷீ’, ‘ஹிஸ்’, ‘ஹர்’ நிரப்பச் சொல்லுங்கள்.

எண்ணுக்குப் பின் ஒருமையே அவர்கள் வழக்கம். ‘ட்வெல்வ் டிசைப்பிள்’ என்பார்கள். இதற்கு ஐந்து அப்பம், இரண்டு மீன் கதையை எடுப்பவர்கள் மீனில் தடுக்கி விழுவார்கள், ஆங்கிலத்தில் மீன் பன்மையிலும் பெரும்பாலும் மாறாது. அதே கதையின் 12 கூடைகளை எடுங்கள். ‘தி’ விஷயத்தில் நிலைமை தலைகீழ்: நம்மிடம் அது இல்லை, அவர்களிடம் தாராளமாக உண்டு. 1 கொரிந்தியர் 13:4ஐ ‘தி லவ் இஸ் பேஷன்ட்’ என்பார்கள். நாம் தேவையான இடத்திலும் விட்டுவிடுவோம். அன்றைய வாக்கியங்களை எழுதி, ஒவ்வொரு ‘தி’யையும் வகுப்புக்கு முன் சரிபார்த்துக்கொள்வது நல்லது. யோவான் 14:6ஐச் சொல்லும்போது அவர்கள் இரட்டை எதிர்மறை போடுவார்கள்: ‘நோ ஒன் டஸின்ட் கம்’. பொருளே கவிழ்ந்துவிடுவதால் இதை மட்டும் அன்றே திருத்திவிடுங்கள்.

‘டெம்பிள்’ போகிறேன் என்று ஒருவர் சொன்னால் பதற வேண்டாம். ஆலயக் கட்டடத்துக்கு ஹங்கேரியச் சொல் ‘தெம்ப்லோம்’. ‘சர்ச்’ என்று மாற்றிக் கொடுத்தால் போதும்.

நேரத்தில்தான் வகுப்பே கலைந்துபோகும். ‘ஃபேல் ஹேத்’ என்றால் ‘அரை ஏழு’, அதாவது ஆறரை மணி. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹாஃப் செவன்’ ஏழரை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒரு மணி நேரம் தவறும். அறிவிப்பில் 18.30 என்று எண்ணால் எழுதுங்கள்.

பெயர்ப்பட்டியலில் குடும்பப்பெயர் முன்னால் வரும், அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். முதியவரை வெறும் பெயரால் அழைப்பதும் சரியல்ல. பெயருக்குப் பின் ஆணுக்கு ‘பாச்சி’, பெண்ணுக்கு ‘நேனி’ சேர்ப்பது வழக்கம், நம் ஊர் மாமா, அத்தைபோல. இவர்கள் பள்ளியில் படித்த காலத்தில், 1989 வரை, ரஷ்யமொழிதான் கட்டாயம். ஆங்கிலத்தில் தடுமாறுவதை மந்தம் என்று எண்ணி இளைஞர்களோடு ஒரே வேகத்தில் ஓட்டினால் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள்.

கடைசியாக, ஆராதனையையும் வகுப்பையும் கலக்கும் தவறு. ‘இலவச ஆங்கிலம்’ என்று மட்டும் சுவரொட்டி ஒட்டிவிட்டு உள்ளே பிரசங்கம் வைப்பது நேர்மையல்ல, வேதபாடம் உண்டென்றால் சுவரொட்டியிலேயே இருக்கட்டும். அவர்கள் பள்ளிப்பாடவேளைக்கு இணையாக 45 நிமிடம் மொழிக்கு, பிறகு விருப்பமுள்ளோருக்கு 15 நிமிடம் ஜெபம் என்று பிரித்துவிடலாம். அந்த 15 நிமிடத்தில் யாரையும் திருத்தாதீர்கள். கேட்ட பிழைகளில் மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் யாருடையது என்று சொல்லாமல் பலகையில் எழுதுங்கள்.