அவசர வயிற்று அறுவைக்குப் பின் குடலிறக்கம் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தை மாதத்தில் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் மாடு முட்டி வயிறு கிழிந்தவர்கள், இரைப்பைப் புண் ஓட்டையாகிப்போனவர்கள், குடல் அடைத்துக்கொண்டு உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து 108 வண்டியில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்பவர்கள் ஆகியோருக்குப் பெரும்பாலும் நடுவயிற்றை நெடுக்காகத் திறந்துதான் அறுவை செய்கிறார்கள். மேல்தோல் நன்றாக ஆறியிருந்தாலும், அதன் அடியில் வயிற்றுச் சுவரைத் தாங்கும் கெட்டியான சவ்வு சரியாகக் கூடாவிட்டால், மாதங்கள் கழித்துக் குடலோ கொழுப்போ அந்த இடைவெளி வழியாகத் தள்ளத் தொடங்கும். இதுவே தழும்புக் குடலிறக்கம். நடுவயிற்று அறுவை செய்துகொண்ட 100 பேரில் ஏறக்குறைய 10 முதல் 20 பேருக்கு இது வருகிறது. அவசர அறுவையில் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

காரணம் எளிது. நாள் குறித்துச் செய்யும் அறுவை என்றால் சர்க்கரையை இறக்கலாம், பீடியை நிறுத்தச் சொல்லலாம், இரத்தச்சோகையைத் தீர்க்கலாம். அவசரத்தில் எதற்கும் நேரமில்லை. அத்துடன் வயிற்றுக்குள் சீழோ மலமோ கலந்திருந்தால் தையல் போட்ட இடத்திலும் கிருமி ஏறுகிறது, வீங்கிய குடல் உள்ளிருந்து தையலை இழுக்கிறது.

ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே சீழ் இருந்ததா, புண்ணில் கிருமித்தொற்று ஏற்பட்டதா, அதே இடத்தை இரண்டாம் முறை திறக்க நேர்ந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும், அல்லது உடல் பருமன், சர்க்கரை, நாள்பட்ட இருமல், ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும், கூடுதல் கவனம் தேவை.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரைப்பை ஓட்டைக்கு அறுவை செய்துகொண்ட என் தாய்மாமாவுக்கு ஒரு மாதம் முழுவதும் ரசஞ்சோறு மட்டுமே கொடுத்தோம். முட்டையும் பருப்பும் சீழ் வைக்கும் என்று அத்தை உறுதியாக நம்பினார். அன்பினால் செய்ததுதான், ஆனால் புண் கூடுவதற்கு வேண்டிய புரதத்தை நாங்களே தடுத்துவிட்டோம். மருத்துவர் சாப்பிட அனுமதித்த பிறகு முட்டை, மீன், பருப்பு, பயறு, தயிர் என எது ஒத்துக்கொள்கிறதோ அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

பீடி, சிகரெட்டை அடியோடு நிறுத்த வேண்டும். புகை புண்ணுக்குப் போகும் உயிர்வளியைக் குறைக்கிறது, இருமலையும் கூட்டுகிறது. இருமல் வரும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். மலச்சிக்கலுக்கும், வயதான ஆண்கள் சிறுநீருக்கு முக்குவதற்கும் உடனே மருத்துவம் பாருங்கள். வயிற்றுப் பெல்ட் வலிக்கு இதமாக இருக்கும், ஆனால் அதைக் கட்டியிருப்பதாலேயே குடலிறக்கம் வராது என்று நம்பிவிடக் கூடாது. நிறைந்த தண்ணீர்க்குடம் 15 கிலோ அளவுக்கு இருக்கும் என்பதால், குறைந்தது 6 வாரத்துக்கு இடுப்பில் குடம் ஏற்றவோ நெல்மூட்டை தூக்கவோ வேண்டாம்; எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரே சொல்லட்டும். மெதுவாக நடப்பதற்குத் தடையில்லை, அது நல்லதுங்கூட.

முதல் இரண்டு வாரங்களில் கட்டுத்துணி திடீரென்று வெளிறிய சிவப்பு நீரில் நனைந்தால், உள்தையல் விட்டுப்போகிறது என்று பொருள் கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதன் பின் மூன்று ஆண்டுகளுக்கேனும் மாதம் ஒருமுறை பாயில் மல்லாந்து படுத்து, கையூன்றாமல் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தழும்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். புடைப்பு எழுந்து, தலையைச் சாய்த்ததும் மறைந்தால், வலி இல்லாவிட்டாலும் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புடைப்பு உள்ளே போகாமல் கல்போல இறுகி, வலியும் வாந்தியும் வந்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால் குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். அதை அமுக்கித் தள்ளாமல், குடிக்க எதுவும் கொடுக்காமல், இரவானாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.