மலைப்பாதையில் தீ: சத்தம் கேட்டுச் செய்யும் தவறுகள்

2019 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவில் நௌரா ஊருக்குத் தெற்கே ஒரு தீயணைப்பு வண்டியைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. தீ கடக்கும்வரை வீரர்கள் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள், அது வீடியோவிலும் பதிவானது. இந்த மாதிரி வீடியோக்களில் படத்தைவிடச் சத்தம்தான் வயிற்றைக் கலக்கும். தீ இரையும், மரம் வெடிக்கும், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் தணல் வண்டிமேல் அடிக்கும்.

அதைப் பார்த்து நம் காரிலும் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே பல தீயணைப்பு வண்டிகளில் வண்டியையே நனைக்கும் தண்ணீர்க் குழாயும் கண்ணாடிக்கு வெப்பம் தடுக்கும் திரையும் உண்டு, நம் காரில் இருப்பது வெறும் கண்ணாடி. பிப்ரவரியிலிருந்து மே வரை ஜவ்வாது மலையில் சருகும் புல்லும் காய்ந்து கிடக்கும், அமிர்தி பக்கமோ ஜமுனாமரத்தூருக்கோ போகும்போது ரோட்டில் புகை அடைத்திருந்தால் பேசாமல் வண்டியைத் திருப்புங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை.

மூங்கில் டப்டப்பென்று வெடித்தால் யாரோ வேட்டு போடுகிறார்கள் என்று விட்டுவிடுவதும் தவறு. கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடேறித்தான் அப்படி வெடிக்கிறது, சத்தம் பக்கத்தில் கேட்டால் தீயும் பக்கத்தில்தான். எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கண்ணாடியை இறக்கவும் வேண்டாம், புகை உள்ளே வந்துவிடும்.

திரும்பவே முடியாமல் மாட்டிக்கொண்டால்? இங்கேதான் உயிர் போகிற தவறு நடக்கிறது. சத்தத்துக்குப் பயந்து கதவைத் திறந்து மேட்டைப் பார்த்து ஓடுவார்கள். தீ மேட்டில் இன்னும் வேகமாக ஏறும், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தீ தொடுவதற்கு முன்பே அதன் அனல் ஆளைக் கொல்லும். புல் இல்லாத வெட்டவெளியாகவோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடமாகவோ பார்த்து வண்டியை நிறுத்துங்கள். விளக்கை டிம்மில் போட்டு நாலு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள், வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிடுங்கள். அப்புறம் எல்லோரும் கண்ணாடி மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள், கம்பளி இல்லையென்றால் கனமான பருத்திப் போர்வை. நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும், அது வேண்டவே வேண்டாம். இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போது குழந்தைகள் அலறத்தான் செய்வார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கதவை மட்டும் திறக்காதீர்கள். தீ தாண்டிப்போன பிறகு இறங்கி, எரிந்து முடிந்த பக்கமாக வண்டியைவிட்டு விலகிப் போங்கள்.

சிக்னல் இருக்கும்போதே 101 அல்லது 112-க்குப் பேசிவிடுங்கள். 'மலை ரோட்டில் தீ' என்று மட்டும் சொன்னால் போதாது, கடைசியாகத் தாண்டிய ஊரையும் பார்த்த கிலோமீட்டர் கல்லையும் சொல்லுங்கள்.