உயிரோடு ஒரு திமிங்கிலம்: வடகடல் படகுப் பயணத்துக்கு நெல்லையிலிருந்து தயாராவது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் பலரும் திமிங்கிலத்தைப் பார்த்தது கரையில்தான். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளத் தள்ள, பல மறுபடியும் மணலில் ஏறின. அன்று அங்கே நின்றவன் நான். இந்த உயிரை அதன் சொந்தத் தண்ணீரில் பார்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது. போன ஜூலையில் ஐஸ்லாந்து போய்ப் பார்த்துவிட்டேன். முதல்முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இடமும் மாதமும்

ஐஸ்லாந்தின் வடகரையில் ஹூசாவிக் என்ற சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. அதன் விரிகுடாவில் இரண்டு ஆறுகள் வந்து விழுகின்றன. தாமிரபரணி சேரும் புன்னைக்காயல் முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்று நீர் கொண்டுவரும் சத்தில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னச் சிறுமீன் வரும், மீனைத் தேடித் திமிங்கிலம் வரும். ஆண்டின் பெரும்பகுதி படகுகள் போகும் என்றாலும், நமக்கு ஏற்றது ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். குளிர்காலத்தில் நார்வேயின் வடகோடியில் கொலைகாரத் திமிங்கிலம் எனப்படும் ஓர்காவைப் பார்க்கலாம். ஆனால் முதல் பயணத்துக்கு அந்தக் குளிர் வேண்டாம்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

உடை

குற்றாலச் சாரலுக்குப் போடும் ஸ்வெட்டர் இங்கே எடுபடாது. கோடையிலும் 10 டிகிரிதான் இருக்கும். ஓடும் படகில் காற்று அதை இன்னும் கடுமையாக்கும். கரிசல் பருத்திமேல் எனக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும், அந்தக் கடலில் பருத்தி வேண்டாம் என்றுதான் சொல்வேன். நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலாடை என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். கம்பளித் தொப்பி காதை மூட வேண்டும். படகுக்காரர்களே தலை முதல் கால் வரை மூடும் தடித்த அங்கி தருவார்கள். அது மேலே போடத்தான். உள்ளே இருக்க வேண்டியதை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

வயிறு

மூன்று மணி நேரப் பயணம். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், எண்ணெய்ப் பலகாரம் தின்றும் ஏறாதீர்கள். குமட்டல் வரக்கூடியவர்கள் மருத்துவரிடம் கேட்டு, படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. நான் சுக்கு போட்ட உடன்குடிக் கருப்பட்டித் துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

உவரியில் நாற்பது வருடம் கடல் தொழில் செய்த மாமா கிளம்பும் முன் சொன்னார்: “அணியத்துக்கு ஓடாதே மருமகனே, நடுவில் நில். காலடியைப் பார்க்காதே, தூரத்தைப் பார்.” அணியம் என்றால் படகின் முன்பக்கம். மாமா சொன்னது வடகடலிலும் அப்படியே பலித்தது. படகின் நடுப்பகுதிதான் குறைவாக ஆடும். அடிவானத்தில் கண் நின்றால் தலைச்சுற்றல் அடங்கும்.

படகில்

வழிகாட்டி திசையைக் கடிகார மணியில்தான் சொல்வார். அணியம் பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று, பின்பக்கமான அமரம் ஆறு, இடப்பக்கம் ஒன்பது. இது தெரியாமல் முதல் திமிங்கிலத்தை நான் தவறவிட்டேன். ஏறியதும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கண்ணைப் பழக்க வேண்டும். பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டால் அங்கே மீன் இருக்கிறது. ஓங்கல்கள், அதாவது டால்பின்கள், துள்ளினாலும் அப்படித்தான். தண்ணீருக்கு மேலே புகைபோல ஒரு மூச்சு எழும். கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு ஏறக்குறைய 3 மீட்டர், நீலத் திமிங்கிலத்துக்கு 9 மீட்டர். காற்று நம் பக்கம் அடித்தால் அந்த மூச்சில் கெட்ட மீன் வாசம் வரும். எனக்கு அது மணப்பாட்டை நினைவூட்டியது. ஆனால் இங்கே அது மூச்சு.

கூன்முதுகு சில முறை மூச்சு வாங்கும். பிறகு முதுகை வளைக்கும். வளைத்தால் ஆழத்துக்குப் போகிறது என்று பொருள். அடுத்த கணம் வால் முழுவதும் மேலே எழும். அது மூழ்கிய இடத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழப்பாக நிற்கும். இனி ஐந்து, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ‘இன்னும் பக்கத்தில் போங்கள்’ என்று யாரும் கேட்காதீர்கள். எஞ்சினைத் தணித்துத் தள்ளி நிற்கும் படகே நல்ல படகு. விரட்டினால் அது இரை தேடுவது கெடும். ஒன்றுமே தென்படாத நாளும் உண்டு. அப்போது பல நிறுவனங்கள் இன்னொரு பயணத்துக்கு இலவச டிக்கெட் தருகின்றன, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

படம்

முதல் வாலைக் கண்ணால் மட்டும் பாருங்கள். இரண்டாவதைப் படம் எடுங்கள், வாலின் அடிப்பக்கம் தெரியும்படி. அங்குள்ள கறுப்பு வெள்ளைக் குறிகள் நம் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் வேறு. ‘ஹேப்பிவேல்’ இணையதளத்தில் அந்தப் படத்தை ஏற்றினால், ஏற்கெனவே பதிவான வால்களோடு ஒப்பிட்டு அது எது என்று சொல்வார்கள்; பின்னால் வேறு கடலில் யாராவது பார்த்தாலும் மின்னஞ்சல் வரும். ஐஸ்லாந்தில் மேயும் கூன்முதுகுகள் கரீபியக் கடல்வரை போகின்றன. என் படத்துக்கு வந்த பதிலை உவரி மாமாவுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன்.