தொழில் தொடங்கட்டுமா என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் வணிகவியல் சொல்லித் தருகிறேன். கடைசி வருடப் பிள்ளைகள் வந்து, "மிஸ், சொந்தமா தொழில் பண்ணலாம்னு இருக்கேன்" என்பார்கள். "ஏன்?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

முதலில் அந்த ஏன் தெரியட்டும். உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-இல் எழுதிய கோட்பாடு மூன்று கேள்வி கேட்கிறது: எனக்குப் பிடிக்கிறதா, என் ஆட்கள் என்ன சொல்வார்கள், என்னால் முடியும் என்று தோன்றுகிறதா. ஒரு தாளில் எழுதுங்கள். முதலாவது ரீல்ஸ் பார்த்தாலே நிரம்பிவிடும். இரண்டாவதை மழுப்பாமல் எழுதுங்கள். அப்பாவுக்குக் கொப்பரைக் களம் இருந்தால் தைரியம் வரும்தான். வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையும் களத்துக்காரர் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். அவள் பேங்க் பரீட்சைக்குப் படித்தால் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவதற்கு விற்றுப் பார்க்க வேண்டும். போன வருடம் ஒருத்தி பொள்ளாச்சியில் கடலை மிட்டாய் வாங்கி வந்து ஹாஸ்டலில் விற்றாள். போட்ட முதல் 600, விற்றது 780. "180 லாபம் மிஸ்." பஸ் டிக்கெட் எங்கே என்றேன். பர்ஸிலிருந்து கசங்கிய இரண்டு டிக்கெட்டை எடுத்து மேசையில் நீவி வைத்தாள். 64 ரூபாய். தோழிகள் கடன் சொன்னது 40. மிச்சம் 76. முகம் சுண்டிப்போனது. ஆனால் அடுத்த சனிக்கிழமை நான் சொல்லாமலே பஸ் ஏறினாள். "இந்த வாட்டி கடன் கிடையாதுன்னு சொல்லிட்டேன் மிஸ்."

அதனால் நாலு சனிக்கிழமை விற்றுப் பாருங்கள். நோட்டில் உங்கள் கூலியையும் செலவாக எழுதுங்கள். அதை யாருமே எழுதுவதில்லை.

எல்லைக்காரர்களுக்கு ஒன்று. இங்கிருந்து பொள்ளாச்சிக் கடைக்குச் சரக்கு போட நினைத்தால், வருட விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். வரியுள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருள் தவிர, முதல் பில்லுக்கே பதிவு வேண்டும். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவு இலவசம். காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். புதுத் தொழில் கடனுக்கு மத்திய அரசு தரும் பிஎம்இஜிபி மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே கிடந்து, பிறகு கடனில் கழியும்.

கடனைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த நோட்டோடு வாருங்கள்.