சேமக்காலைத் தோட்டத்தில் சாம்பல் அடக்கம்: முதலே யோசிக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சேமக்காலை, அதாவது உடலைப் புதைக்கும் கல்லறைத் தோட்டம், பழக்கம். சாம்பல் அடக்கம் புதிது. 2020–21 கொரோனாக் காலத்தில் அரசு கட்டாயத் தகனம் கொண்டுவந்தபோது சிலர் முதற்தடவையாகச் சாம்பலைக் கையில் வாங்கினார்கள். இப்போது கனடாவிலும் லண்டனிலும் எரித்துவிட்டு, "அம்மா ஊரிலதான் இருக்கோணும்" என்று பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள்.

சுவாமியாரிடமோ போதகரிடமோ கேட்க முன்னரே விமானச்சீட்டு எடுத்துவிடுவதுதான் பலர் விடும் முதல் பிழை. எல்லாத் தேவாலய வளவிலும் இதற்கென்று இடம் இராது. தகனச் சான்றிதழையும் மரணச் சான்றிதழையும் கைப்பையிலேயே வையுங்கள். உலோகக் கலசமும் வேண்டாம். விமான நிலைய ஸ்கானரில் உள்ளே இருப்பது தெரியாது.

கீரிமலைக் கடலில் இந்துக்கள் அஸ்தி கரைப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ரோசாச் செடியடியில் தூவிவிடலாமே என்று தோன்றும். கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை 1963 இலேயே அனுமதித்துவிட்டது. ஆனால் தூவக்கூடாது, பிள்ளைகளுக்குள் பங்கு போடக்கூடாது, வீட்டு அலுமாரியில் வைக்கக்கூடாது என்று 2016 இல் ரோமிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. 2023 இல் சிறு தளர்வு கிடைத்தது: இறந்தவருக்கு முக்கியமான ஓரிடத்தில் மிகச் சிறு பகுதியை வைத்திருக்கலாம், அதுவும் கேட்டுத்தான். மற்றச் சபைகளின் வழக்கத்தை அந்தந்தப் போதகரிடம் கேளுங்கள்.

"சாம்பல் பசளைதானே!" இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். அடுப்புச் சாம்பலைக் கத்தரிக்குப் போட்ட பழக்கம். இது விறகுச் சாம்பல் இல்லை, எரிந்த எலும்பின் தூள். கல்சியம் பொஸ்பேற்றோடு உப்பும் உண்டு, காரத்தன்மையும் மிக அதிகம். எங்கள் நிலமோ ஏற்கனவே சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. வேரடியில் கொட்டினால் மல்லிகையும் ரோசாவும் கருகும். செடி வேண்டுமென்றால் சாம்பலின் மேலேயே நடாமல் தள்ளி நடுங்கள். சாம்பலோடு நிறைய மண்ணும் உக்கிய குப்பையும் கலவுங்கள்.

ஆறடி கிண்டத் தேவையில்லை. வளர்ந்த ஒருவரின் சாம்பல் ஏறக்குறைய மூன்று லீற்றர்தான். சில இடங்களில் கொஞ்சம் வெட்டினாலே கல் இடிக்கும், ஆகவே முதல்நாளே குழியைக் கிண்டிப் பாருங்கள். கிணற்றருகும் வேண்டாம், மாரி வெள்ளம் தேங்கும் பள்ளமும் வேண்டாம். பிளாஸ்ரிக் பெட்டி உக்காது. மண்முட்டியோ பருத்தித் துணியோ உக்கும். பிறகு வேறிடத்துக்கு மாற்ற நினைத்தால் மட்டும் உக்காத பாத்திரம்.

அடையாளத்துக்கு மரத்தை நம்பாதீர்கள். மரம் பட்டுப்போகும், சின்னக் கல் மண்ணுக்குள் இறங்கும். பெயர், திகதி, இரண்டு மதில்களிலிருந்தும் உள்ள தூரம் மூன்றையும் பங்குப் பதிவேட்டில் எழுதுவித்து, ஒரு பிரதியை வீட்டிலும் வையுங்கள். நவம்பர் 2, ஆத்துமாக்களின் திருநாள், மழைக்காலம். மெழுகுதிரியோடு வரும் பேரப்பிள்ளை புல்லுக்குள் நின்று எந்த இடம் என்று தேடக்கூடாது.